அலறல் சோதனை

செனோக்கோவில் எங்கள் குளிர்கிடங்கு.
மீன், இறால், நியூசிலாந்து ஆட்டுக்கால்.
எனக்கு இதில் எதையும் தொடும் வேலையில்லை.
மாடியில், கிடங்கைவிடச் சற்றே குறைந்த குளிரில்,
கணினிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன்.

இந்த ஆண்டு ஆலோசகர் ஒரு படிவம் தந்தார்.
இருநூற்றுப் பதினான்கு வரிகள்.
வரிக்கு வரி பெயர், வயது, ஆண்டுச் செலவு, உரிமையாளர்,
கடைசிக் கட்டத்தில் பயன், வெள்ளிக் கணக்கில்.

செலவுக் கட்டங்கள் ஒரே பிற்பகலில் நிரம்பின.
பயன் அப்படி இல்லை.
சம்பள மென்பொருளின் பயன் என்ன?
சம்பளம் என்று எழுதினேன்.
திருப்பி அனுப்பினார்கள்.

நூற்று முப்பத்தேழாம் வரியில் ஒரு சாம்பல் பெட்டி.
அடுக்கின் அடித்தட்டில், விசிறி இருமிக்கொண்டு.
நெற்றியில் ஓர் ஒட்டுத்தாள்:
'அணைக்காதீர். எட்வினைக் கேட்கவும்.'
கீழே ஏழு இலக்கத் தொலைபேசி எண்.
இந்தத் தீவின் எண்கள் எட்டு இலக்கமாகி
இருபது வருடத்துக்கு மேலாகிறது.
எட்வின் யாரென்று மனிதவளத்துக்கும் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் இதற்கொரு முறை உண்டு.
அணைத்துவிட வேண்டும்.
யார் அலறுகிறாரோ அவரே உரிமையாளர்.

வியாழன் மாலை அணைத்தேன்.
விசிறி நின்றதும்தான் தெரிந்தது
அறையில் அதுவரை எவ்வளவு சத்தம் என்று.

ஒரு வாரம். அலறல் இல்லை.
இரண்டாம் வாரம் விற்பனைப் பிரிவின் சூ யீ அழைத்தாள்.
நெஞ்சு துணுக்கென்றது;
அவளுக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டதாம்.
மூன்றாம் வாரம், இயக்குநர் கூட்டத்தில்,
மிச்சம் பதினெட்டாயிரத்து நானூறு வெள்ளி என்று
திரையில் ஒரு பச்சைப் பட்டை என் பெயரில் எழும்பி நின்றது.
கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்.

அன்றிரவு கிளம்பத் தாமதம்.
காவல் மேசையில் ஜம்சாரி,
பையில் கட்டிய தே தாரிக்கை உறிஞ்சியபடி
மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டார்:
மிஸ், அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?

எந்த அம்மா?

ராத்திரியில் போன் செய்வாரே, அவர்தான்.
நாலாம் கதவு திறந்திருக்கிறது,
நாலாம் கதவு திறந்திருக்கிறது,
இரண்டு முறை சொல்லி வைத்துவிடுவார்.
ஹலோகூடக் கிடையாது. பெரிய இடம் போல.
நான் போய்ச் சாத்திவிட்டு வருவேன்.
மாதத்தில் மூன்று தடவை, சில மாதம் ஐந்து.
இப்போது போனே இல்லையா,
மணிக்கொரு தரம் நானே போய்ப் பார்க்கிறேன்.
முழங்கால்தான் கொஞ்சம்.

புதிய திரையிலும் நாலாம் கதவு உண்டு.
போன ஆண்டு வாங்கியது, விலை சொல்ல எனக்கு அனுமதியில்லை.
பதினோரு மேலாளர்கள் அதைப் பார்க்கலாம்.
கதவு திறந்தால் கட்டம் சிவக்கும்.
அதிகாலை மூன்று மணிக்குச் சிவந்தபோதெல்லாம்
பதினோரு பேரும் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள்.

மேலே ஓடினேன். பொத்தானை அழுத்தினேன்.
பெட்டி எழுந்திருக்க எடுத்துக்கொண்ட ஆறு நிமிடத்தில்
நாலாம் அறை இறாலின் விலையைக் கூட்டத் தொடங்கினேன்.
எத்தனை டன், எத்தனை இரவு,
எத்தனை முறை சாத்தப்பட்ட கதவு.
முழங்காலிடம் வந்து கணக்கு நின்றுவிட்டது.

மறுநாள் உரிமையாளர் கட்டத்தில்
ஜம்சாரி பின் யூனுஸ் என்று தட்டினேன்.
படிவம் ஏற்கவில்லை.
மேலாளர் நிலைக்குக் குறையக் கூடாதாம்.
அவர் எங்கள் ஊழியரே இல்லை என்பதும்
அப்போதுதான் உறைத்தது; காவல், ஒப்பந்தக்காரருடையது.

என் பெயரைப் போட்டேன்.
பயன் கட்டத்தில் ஒரு சுழியம்;
ஏதாவது போட்டால்தான் அடுத்த வரிக்கு விடுகிறது.

கீழே குனிந்து, எட்வினின் தாளுக்குப் பக்கத்தில்
இன்னொரு தாள் ஒட்டினேன்:
'அணைக்காதீர். மாதங்கியைக் கேட்கவும்.'
எட்டு இலக்கம்.
இப்போதைக்கு.